சனிக்கிழமை எடுத்த பணம்

காதர்பேட்டை, திருப்பூர்
6 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய அக்கா முத்துப்பேச்சி அவர்களுக்கு,

தம்பி பெருமாள்சாமி எழுதுவது. உறையின் மேலிருக்கும் கையெழுத்தைக் கண்டதும் கிழித்தெறியாமல் தாங்கள் இந்த வரிவரை வந்திருந்தால், அதற்கே என் முதல் நன்றி.

என் காதர்பேட்டைக்கும் தாங்கள் இருக்கும் நெருப்பெரிச்சலுக்கும் இடையே ஏழு கிலோமீட்டர். எத்தனையோ மேடைகளில் பேசிய எனக்கு, எட்டரை ஆண்டுகளாக அந்த ஏழு கிலோமீட்டரைக் கடக்க ஒரு சொல் கிடைக்கவில்லை. சென்ற வாரம் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். தாங்கள் எடுக்கவில்லை. தங்கள் தையற்கூடத்தை மேற்பார்க்கும் வேலுமணி அண்ணனைச் சந்தையில் கண்டு கேட்டேன். “பேச்சுல உங்கள ஜெயிக்க முடியாதுங்களாமா. எதுன்னாலும் காயிதத்துல எழுதச் சொன்னாங்க, படிக்கிறாங்களாமா” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

என் மகள் அபிராமிக்கு அயர்லாந்து நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் தந்திருக்கிறது. சாயக்கழிவு நீரைத் தூய்மையாக்கும் பொறியியல் படிப்பு. வரும் சனவரியில் வகுப்பு. செலவில் பாதியை வங்கிக் கடன் ஏற்கிறது. மீதிப் பாதிக்கு, நுழைவிசைவு கேட்கும்போது நெருங்கிய உறவினர் ஒருவர் நிதிப்பொறுப்பாளராக முன்னிற்க வேண்டும். அவர் வங்கிக் கணக்கில் ஆறு மாதமாகப் பதினான்கு லட்சம் அசையாமல் இருந்திருக்க வேண்டும் என்கிறார் கோயம்புத்தூர் முகவர் சிவபிரகாஷ். என்னிடம் இருப்பவை பனியன் கம்பெனியில் துணி வெட்டும் வேலையும் தொழிற்சங்கத்தின் ஒலிவாங்கியும் மட்டுமே.

பணத்தைக் காட்டினால் போதும், அக்கா. தாங்கள் ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. அவள் போன பிறகு நான் எப்பாடுபட்டேனும் புரட்டிக்கொள்வேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. பழைய நோட்டுகள் செல்லாமற்போன அந்த நவம்பரில், இரண்டு சனிக்கிழமைகள் கூலி கிடைக்காத தங்கள் தொழிலாளர்களுக்காகத் தங்கள் வாயிலில் நின்று பேசினேன். சனிக்கிழமைக் கூலி சனிக்கிழமையே தரப்பட வேண்டும் என்பது அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் தங்கள் பெயரை நான் சொன்ன முறை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பணிவுடன்,
பெருமாள்சாமி


நெருப்பெரிச்சல்
11 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வரிக்கு வரி தாங்கள், தாங்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் என்ன தாசில்தாரா? பட்டா மாற்றவா மனுப் போட்டிருக்கிறாய்? உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். ஒழுங்காக எழுது.

நுழைவிசைவு என்றால் விசா என்பதை அபிராமியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆமாம், அவள் இங்கே வந்துபோகிறாள். கல்லூரியில் படித்த நாலு வருடமும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னோடுதான் சாப்பிட்டாள். அவளைத் திட்டாதே. “அப்பாவுக்குத் தெரிஞ்சா மேடை போட்ருவாரு அத்தை” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வாடகை ஷெட்டை விட்டுச் சொந்தமாக இடம் வாங்கலாம் என்று வைத்திருக்கும் பணம் இருக்கிறது. நீ கேட்டதற்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். இடத்துக்கு இப்போது என்ன அவசரம்.

ஆனால் காட்டினால் போதும் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு நான் ஆள் இல்லை. முகவர் கொடுத்த தாளை அபிராமி தமிழில் சொன்னாள். ‘இந்தப் பெண்ணின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் நான் பொறுப்பு’ என்று அதில் இருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவள். விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டு ஏமாந்திருக்கிறேன். பொய் என்று தெரிந்து போட்டதில்லை. பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் பொறுப்புதான். அந்தப் பணம் அவளுக்கு. உனக்குச் சம்மதம் என்றால் தாள்களைக் கொடுத்தனுப்பு.

நவம்பரைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லும் நாள் இது இல்லை.

முத்துப்பேச்சி


காதர்பேட்டை
16 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி ‘தாங்கள்’ என்பதை இறக்கி வைத்துவிட்டேன். எத்தனை பெரிய சுமை என்பது இறக்கிய பிறகே தெரிகிறது.

உன் கடிதத்தைச் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன். உண்மையின் பக்கம் நிற்போம் என்று எழுதிய பதாகை என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழ் இருந்துகொண்டுதான் பொய்க் கையெழுத்து ஒன்றை உன்னிடம் கேட்டிருக்கிறேன். நாங்கள் முதலாளி என்று சுட்டிய நீ, அதைப் போட மறுத்திருக்கிறாய். எனக்குள் எது கவிழ்ந்தது, எது நிமிர்ந்தது என்று எழுதத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி அபிராமியிடம் கேட்டேன். தலைகுனிந்து நின்றாள். நான் திட்டவில்லை. என் மனைவி அனுசுயாதான் குறுக்கே வந்தாள். “எனக்கு மொதல்லருந்தே தெரியும். மதினி குடுத்துவிட்ட கருவாட்டுக் கொழம்ப நாலு வருசமா நீங்களுந்தான சப்புக்கொட்டித் தின்னீக” என்றாள். நான் யாருடைய சோற்றை உண்டுகொண்டு யாரோடு பகை பாராட்டினேன் என்பதை என் வீட்டில் நான் ஒருவனே அறியாதிருந்திருக்கிறேன்.

தாள்கள் இந்த உறையில் உள்ளன. பென்சிலால் குறித்த இடங்களில் கையெழுத்திடு. நன்றி என்னும் சொல்லை மேடையில் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறேன், அக்கா. இன்று அதை உரக்கச் சொல்ல முடியவில்லை.

உன் தம்பி,
பெருமாள்சாமி


காதர்பேட்டை
12 அக்டோபர் 2025

அக்கா,

ஆறு மாதம் நிறைந்தது. நேற்று உன் வங்கிக் கணக்குத் தாள்களை எடுத்துக்கொண்டு அபிராமியும் நானும் கோயம்புத்தூர் சென்றோம். சிவபிரகாஷ் ஒவ்வொரு தாளாகப் புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். “ஏனுங்க சார், இந்தப் பணத்தத் தொடவே கூடாதுன்னு அப்பவே சொன்னனுங்களே” என்றார்.

ஆகஸ்டு முப்பதாம் நாள் எடுக்கப்பட்டிருக்கிறது. செப்டம்பர் ஆறாம் நாள் மீண்டும். பதின்மூன்றாம் நாள் மீண்டும். இருபத்திரண்டாம் நாள் முழுத்தொகையும் ஒரே மூச்சில் திரும்பி வந்திருக்கிறது. இப்படி வெளியேறித் திடீரென மொத்தமாக நுழையும் பணத்தைக் கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றே தூதரகத்தார் எண்ணுவார்களாம். இந்தத் தாள்களோடு விண்ணப்பித்தால் மறுப்பு வரலாம். மறுப்பு ஒருமுறை வந்தால் அது அவள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். மேலும் ஆறு மாதம் காத்திருந்தால் சனவரி இடம் போய்விடும்.

திரும்பி வரும் பேருந்தில் அவிநாசி வரை என் மகள் அந்தத் தாள்களையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் பொறுப்புதான் என்று எழுதியவள் நீ. அந்த வரியை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். அப்படி என்ன தேவை வந்தது? அதை எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? உன் தொழில் முட்டியபோது உன் கைக்கு முதலில் அகப்பட்டது என் பிள்ளையின் பணமா?

பெருமாள்சாமி


நெருப்பெரிச்சல்
15 அக்டோபர் 2025

தம்பிக்கு,

மூன்று தேதியையும் எழுதினாய். அவை என்ன கிழமை என்று பார்க்கவில்லை. காலண்டரைப் பார்.

அமெரிக்காக்காரன் வரியை ஏற்றியது உனக்குத் தெரியாததில்லை. அதைக் கண்டித்து நீங்கள் கூட்டம் போட்டதை நானும் கேள்விப்பட்டேன். அந்த வாரம் எனக்கு வேலை கொடுக்கும் கம்பெனி, தைத்து அனுப்பிய சரக்குக்குப் பணத்தை நிறுத்திவிட்டது. கப்பலே ஏறாத சரக்குக்கு எப்படிக் கொடுப்பது என்றார்கள். சனிக்கிழமை மத்தியானம் வேலுமணி அண்ணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். “அக்கா, அடுத்த வாரம் வாங்கிக்குங்கன்னு சொல்லிப் பாக்கட்டுங்களா? நம்ம சனந்தான, ஒத்துக்குவாங்க. வடக்கத்திப் பசங்கதான் ரயிலேறிப் போனாலும் போயிருவாங்க” என்றார். நான் சொல்லலாம் என்றுதான் எழுந்தேன். சொல்ல வாய் வரவில்லை.

நவம்பருக்குப் பதில் சொல்லும் நாள் இதுதான்.

நீ மைக்கோடு என் வாசலுக்கு வந்த அன்று நான் உள்ளே ஒளிந்திருக்கிறேன் என்று பேசினாய். நான் பேங்க் வாசலில் வரிசையில் நின்றேன். மூன்றாவது நாளாக நின்றேன். என் பணம் உள்ளே இருந்தது, கொடுக்க அங்கே நோட்டு இல்லை. வேலுமணி அண்ணன் போன் போட்டார். “தம்பி பேசறாருங்க அக்கா, கேளுங்க” என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். முழுவதையும் கேட்டேன். நம் அம்மா ஒரு சனிக்கிழமை வெறுங்கையோடு திரும்பிய கதையைச் சொல்லி, அதை நான் மறந்துவிட்டேன் என்றாய். அன்றைக்கு அம்மாவோடு கம்பெனி வாசலில் நின்றது நான். எனக்குப் பதினாலு வயது. நீ ஊரில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்தாய். உனக்கு அந்தக் கதையைச் சொன்னதே நான்தான்.

எனக்கு முன்னால் நின்றவர், “யாருங்க போன்ல, இப்படி அடிச்சுப் பேசறாரு?” என்று கேட்டார். என் தம்பி என்று சொன்னேன். நல்லாப் பேசறாருங்க என்றார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை. ஆகஸ்டில் தவறவிட வேண்டிய நிலை வந்தபோது கையில் இருந்த ஒரே பணம் இதுதான். எங்கள் தொழிலில் சனிக்கிழமை போன பணம் பத்து நாளில் திரும்பி வந்துவிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. விசாவுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். அது என் தப்பு. அபிராமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எடு என்றால் உன் மகள் போக முடியாது. எடுக்காதே என்றால் நீ இத்தனை வருடம் பேசியது போய்விடும். அந்த இடத்தில் உன்னை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

பணம் திரும்ப வைத்தாகிவிட்டது. எப்படி என்பது உனக்கு வேண்டாம்.

முத்துப்பேச்சி


காதர்பேட்டை
18 அக்டோபர் 2025

என் அக்காவுக்கு,

இன்று சனிக்கிழமை. நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. நான்கு முறை எழுத உட்கார்ந்து நான்கு முறையும் எழுந்துவிட்டேன். எதிரில் நிற்பவர் யாராயினும் அவருக்கு மறுமொழி வைத்திருப்பவன் என்று எனக்குப் பெயர். வங்கி வாயிலில், வெயிலில், உன் காதில் என் குரல் விழுந்துகொண்டிருந்தது என்பதை அறியாமல், அந்தப் பேச்சு எடுபட்டது என்று அன்று மாலை தோழர்களோடு தேநீர் அருந்தினேன். மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா. ஒளிந்தாய் என்று சொன்னதற்கு. அம்மாவை உனக்கு எதிராகச் சாட்சிக்கு அழைத்ததற்கு. சென்ற வாரம் ‘என் பிள்ளையின் பணம்’ என்று எழுதியதற்கு. அது உன் பணம். நீ தந்ததால் மட்டுமே அவளுடையது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மூன்று சனிக்கிழமைகளிலும் என்னைக் கேட்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். நீ கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இரண்டு நாளாக என்னையே விசாரிக்கிறேன். எனக்குக் கிடைக்கும் விடை எனக்கே பிடிக்கவில்லை.

நீ மறைத்தது நேற்றே வெளிவந்துவிட்டது. சிவபிரகாஷ் கேட்டார் என்று அபிராமி உன்னிடம் வாங்கி வந்த சான்றுகளுக்கு நடுவே ஒரு ரசீது இருந்தது. ஓவர்லாக் தையல் எந்திரங்கள் ஆறு, விற்ற விலையோடு. பழைய ஷெட்டில் முதல் எந்திரம் வாங்கிய நாளில் நீ அதற்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டியதும், மூடநம்பிக்கை என்று நான் எள்ளியதும் நினைவிருக்கிறது. அந்த எந்திரமும் அந்த ஆறில் ஒன்றா என்று அபிராமியிடம் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காத்திருக்க வேண்டாம், நடந்ததை விளக்கி ஒரு கடிதம் இணைத்துத் துணிந்து விண்ணப்பிப்போம் என்று அபிராமியே முடிவு செய்துவிட்டாள். “இது பொய்யில்லையேப்பா. மெய்ய எழுதுறதுக்கு என்ன பயம்?” என்கிறாள். அக்கடிதத்தை எழுதும் பேறு எனக்கு வாய்த்தது. நான்கு பக்கம். படித்துவிட்டுக் கையெழுத்திட்டு அனுப்பு. அவள் அதை ஆங்கிலமாக்குவாள்.

உன் தம்பி


நெருப்பெரிச்சல்
22 அக்டோபர் 2025

தம்பிக்கு,

தீபாவளிக்கு அனுசுயா கொடுத்துவிட்ட அதிரசம் வந்தது. பாகு கொஞ்சம் முற்றிவிட்டது என்று சொல். ஆனால் தீர்ந்துவிட்டது.

உன் நாலு பக்கமும் வந்தது. வேலுமணி அண்ணனை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டாவது பக்கத்தில் நான் தாயாகிவிட்டேன். மூன்றாவது பக்கத்தில் தியாகத்தின் திருவுருவம். “இதுக்கு மேல சிலைதானுங்க வெக்கோணும்” என்றார். நாலாவது பக்கத்தில் அமெரிக்காவையே கூண்டில் ஏற்றியிருக்கிறாய். படிக்கப்போகிறவர் எவரோ ஒரு மேசைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார், தம்பி. அவருக்குக் கை தட்ட நேரம் இருக்காது. கீழே இருப்பதை மட்டும் அபிராமியிடம் கொடு.

‘நான் இந்தப் பெண்ணின் அத்தை. ஆகஸ்ட் 30, செப்டம்பர் 6, செப்டம்பர் 13 ஆகிய மூன்று சனிக்கிழமைகளில் இந்தக் கணக்கிலிருந்து பணம் எடுத்தேன். எனக்கு வர வேண்டிய பணம் வரி உயர்வால் நின்றுபோனதால், என்னிடம் வேலை செய்யும் முப்பத்தெட்டுப் பேருக்கு வாரச் சம்பளம் கொடுக்க எடுத்தேன். அவர்கள் வாங்கிக்கொண்டதற்கான கையெழுத்தும் கைநாட்டும் இணைத்திருக்கிறேன். செப்டம்பர் 22 அன்று ஆறு எந்திரங்களை விற்ற பணத்தையும் கம்பெனியிலிருந்து வந்த பாக்கியையும் சேர்த்துத் திரும்ப வைத்தேன். அதற்கும் ரசீது இருக்கிறது. யாரிடமும் கடன் வாங்கவில்லை. அவர்கள் சம்பளத்தை நிறுத்தாத நான் இவள் படிப்பையும் நிறுத்த மாட்டேன்.’

இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் நாலு பக்கத்தைத் திருப்பி அனுப்பவில்லை. பீரோவில் வைத்துக்கொண்டேன்.

முத்துப்பேச்சி


காதர்பேட்டை
22 திசம்பர் 2025

அக்கா,

கிடைத்துவிட்டது. இன்று காலை பத்தரை மணிக்கு அபிராமியின் கடவுச்சீட்டு அஞ்சலில் வந்தது. நுழைவிசைவு ஒட்டப்பட்டிருக்கிறது. உனக்கு முதலில் அவள்தான் சொன்னாள் என்பது தெரியும். எனக்கே இரண்டாவதாகத்தான் சொன்னாள். அதில் எனக்கு வருத்தமில்லை.

உன் எட்டு வரிகளையும் என் நான்கு பக்கங்களையும் எண்ணிப் பார்க்கிறேன். என் பக்கங்கள் சென்றிருந்தால் அவள் இங்கேயே இருந்திருப்பாள். உன் கடைசி வரியை அபிராமி ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டியிருக்கிறாள். முப்பது ஆண்டுகளாக நான் பேசியவற்றுள் ஒரு வரியை என் மகள் எங்கும் எழுதி ஒட்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். ஊரறியப் பழித்தவன் ஊரறிய நன்றி சொல்ல வேண்டும். தனியே வந்து காதோடு சொன்னால் அது கடன் தீர்ப்பதாகாது. அபிராமி புறப்படும் சனவரி பத்தாம் நாள் உன் தையற்கூட வாயிலில், அன்று நான் நின்ற அதே இடத்தில், அதே ஒலிவாங்கியோடு நிற்க விரும்புகிறேன். தோழர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்களும் வருகிறார்கள். அரை மணி நேரம் போதும். நீ இசைவு தந்தால் போதும்.

நன்றியுடன்,
பெருமாள்சாமி


நெருப்பெரிச்சல்
27 டிசம்பர் 2025

தம்பிக்கு,

மைக் வேண்டாம். தோழர்களும் வேண்டாம். நீ அரை மணி என்றால் ஒன்றரை மணி. நான் கேட்டு முடித்துவிட்டேன், ஒருமுறை போதும்.

ஆனால் வா. பத்தாம் தேதி சனிக்கிழமைதான். ஐந்து மணிக்குச் சம்பளம். அபிராமிக்கு வண்டி ஏழரைக்கு. அன்றைக்கு மத்தியானமே நான் உன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவளுக்குப் பெட்டி கட்ட வேண்டும், பருப்புப்பொடி, இட்லிப்பொடி எல்லாம் கசியாமல் சுற்ற வேண்டும். அனுசுயாவுக்குச் சுற்றத் தெரியாது, அவளே சொன்னாள். உன் வீட்டு வாசற்படி மாறியிருக்கிறதாமே, பார்க்கிறேன்.

நான் இல்லாததால் சம்பளம் கொடுக்க ஆள் வேண்டும். நீ கொடு. வேலுமணி அண்ணன் பேர் கூப்பிடுவார், நீ கவரை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். ஷெட்டுக்குள் இல்லை, வாசலில் மேசை போடச் சொல்லியிருக்கிறேன். முப்பத்தெட்டுப் பேர். அதில் பதினொரு பேர் அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டவர்கள்.

ஒரு நிபந்தனை. பேசக் கூடாது. ஒரு சொல்லும் கூடாது. கொடுத்துவிட்டு, நீயும் வண்டி நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்.

முத்துப்பேச்சி


(சம்பளக் கவர் ஒன்றின் உள்ளே. மேலே ‘பெருமாள்சாமி’ என்று எழுதியிருக்கிறது.)

10 ஜனவரி 2026, சனிக்கிழமை

தம்பி,

இது முப்பத்தொன்பதாவது கவர். நீ நடுவில் வாயைத் திறந்தால் இதைக் கொடுக்காமல் என்னிடமே திருப்பிக் கொண்டுவரும்படி வேலுமணி அண்ணனிடம் சொல்லியிருந்தேன். ஆகவே இது உன் கையில் இருக்கிறது என்றால், நீ பேசவில்லை.

நன்றாகச் செய்தாய்.

கடிதம் எழுதி எனக்கு விரல் வலிக்கிறது. பிளாக் பண்ணி வைத்திருந்த உன் நம்பரை இன்று காலை போனில் திறந்துவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது உன் வீட்டில்தான் இருப்பேன். பெட்டி கட்டி முடிந்திருக்கும். பிள்ளை நொடிக்கு ஒருதரம் வாசலைப் பார்ப்பாள்.

வரும் வழியில் கூப்பிடு. சுருக்கமாகப் பேசு.

அக்கா